கடலில் ‘வேண்டாம்’ என்று யார் சொல்வது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

நாகலூரிலிருந்து பேசுறேன். வெளியே மழை தூறிட்டு இருக்கு, நடுவுல சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

இன்னைக்குப் பேசப்போறது கடலைப் பத்தி. சேர்வராயன் மலையில உட்கார்ந்துகிட்டு கடலைப் பத்திப் பேச உனக்கு என்னப்பா தகுதின்னு கேட்டா, ஒண்ணும் இல்ல. படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. ஆனா போன மாசம் சேலத்துல இருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சவர், வெல்டிங் தெரியும். “அண்ணா, மும்பைக்கு அப்பால கடலுக்குள்ள பார்ஜ்ல வேலைக்கு ஏஜென்ட் ஒருத்தர் கூப்பிடுறார். இங்க கிடைக்கிற சம்பளத்தைவிட நல்லா இருக்கு. போகலாமா?” அவ்வளவுதான் மெயில். அதுக்கு ஒரு வரியில பதில் போட முடியல. அதனால இந்தத் தொழில் எப்படி நடக்குது, எங்க தப்பிப் போகுதுன்னு தேடிப் படிச்சேன். படிச்சதுல எனக்கு முக்கியமாப் பட்டதை உங்ககூடப் பகிர்ந்துக்கறேன்.

மலையும் மேடையும்

முதல்ல ஆஃப்ஷோர் சப்போர்ட்னா என்ன? எங்க ஊர்க்காரங்களுக்கு இது சுலபமாப் புரியும். இங்க விளையறது காப்பியும் மிளகும். அரிசி, கேஸ் சிலிண்டர், டீசல், சிமெண்ட், மாத்திரை, எல்லாமே கீழே சேலத்துல இருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரணும். பாதை இருக்கிற வரைக்கும் அது நம்ம கண்ணுக்கே தெரியாது. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழையில மண் சரிஞ்சு ஏற்காடு பாதை அடைபட்டப்போதான், நாம ஒரு கயித்துல தொங்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சது.

கடல்ல நிக்கிற எண்ணெய் மேடையும் அப்படித்தான். அங்க கிடைக்கிறது எண்ணெயும் எரிவாயுவும் மட்டும். குடிதண்ணி, காய்கறி, கிணறு தோண்டத் தேவையான குழாய், சேறு மாதிரிக் கரைக்கிற துரப்பணக் கலவை, சிமெண்ட், டீசல், உதிரி பாகம், ஆட்கள், எல்லாம் கரையில இருந்து போகணும். குப்பை திரும்பி வரணும். அடிபட்டவங்க திரும்பி வரணும். இந்தப் போக்குவரத்து மொத்தத்துக்கும்தான் ஆஃப்ஷோர் சப்போர்ட்னு பேர்.

நம்ம நாட்டுல இதுக்குப் பெரிய களம் பாம்பே ஹை. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்துல அரபிக் கடல்ல இருக்கு. 1974ல ‘சாகர் சாம்ராட்’ங்கற ரிக் அங்க எண்ணெயைக் கண்டுபிடிச்சது. 1976 மே மாசம் உற்பத்தி தொடங்கியது. சரக்குக் கப்பல்களுக்கு நவாவில் ஓஎன்ஜிசியோட சப்ளை பேஸ் இருக்கு. ஆட்களை ஏத்திட்டு ஜுஹூவில் இருந்து ஹெலிகாப்டர் போகும். 1985ல பவன் ஹன்ஸ் நிறுவனத்தை அரசு ஆரம்பிச்சதுக்கு முக்கியக் காரணமே இந்தக் கடல் மேடைகளுக்கு ஆள் கொண்டு போறதுதான். ஓஎன்ஜிசி ஊழியர்களுக்கு 14 நாள் கடல்ல வேலை, 14 நாள் கரையில ஓய்வு.

தமிழ்நாட்டுப் பக்கமும் காவிரிப் படுகையின் கடல் பகுதியில எண்ணெய், எரிவாயு வயல்கள் உண்டு. ஆனா அளவுல பாம்பே ஹை பக்கத்துல நிக்க முடியாது. அதனால இன்னைக்கு முழுக்க அரபிக் கடல்தான்.

கடல் லாரி

இந்த வேலைக்கான கப்பலைப் படத்துல பாருங்க. முன்னாடி உயரமா கேபின், பின்னாடி தட்டையாத் திறந்த தளம். அச்சு அசல் லாரிதான். 1955ல அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவுல ‘எப் டைட்’னு ஒரு கப்பலை இப்படிக் கட்டினாங்க. அதுக்கு முன்னாடி போர் முடிஞ்சு மிச்சமான கப்பல்களையும் மீன்பிடி படகுகளையும் வச்சுத்தான் ஓட்டிட்டு இருந்தாங்க. அந்த முன் கேபின், பின் தள அமைப்புதான் உலகம் முழுக்க இன்னைக்கும் ஓடுது.

மேல தெரியறது குழாயும் கன்டெய்னரும். விஷயம் தளத்துக்குக் கீழே. தண்ணிக்குத் தனித் தொட்டி, டீசலுக்குத் தனி, துரப்பணக் கலவைக்குத் தனி, தூளா இருக்கிற சிமெண்ட்டுக்குத் தனி. சிமெண்ட் மூட்டை கிடையாது. அழுத்தக் காற்று வச்சு குழாய் வழியா மேடைக்கு ஊதி ஏத்துவாங்க. இன்னொரு வகைக் கப்பல், ரிக்கை இழுத்துட்டுப் போய் அதோட நங்கூரங்களைப் போட்டு எடுக்கும். மூணாவது வகை, முங்கு நீச்சல்காரர்கள், தீயணைப்பு, மராமத்து எல்லாத்தையும் ஒரே கப்பல்ல வச்சிருக்கிற பல்நோக்கு உதவிக் கப்பல். நாலாவது, தம்பியைக் கூப்பிடுற இடம்: தங்கும் பார்ஜ். பெரிய மிதக்கும் தட்டு மேல அடுக்கு அடுக்கா ரூம் கட்டின மாதிரி. கடல்ல கட்டுமான வேலை நடக்கிறப்போ வெல்டர், ஃபிட்டர், பெயின்டர், சமையல்காரர் எல்லாம் தங்கறது அதுலதான். அதுக்குப் பெரும்பாலும் சொந்த இன்ஜின் கிடையாது. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வருவேன்.

சரக்கு இறக்கும்போது கப்பல் மேடைக்குப் பக்கத்துல, கிரேன் எட்டற தூரத்துல, மணிக்கணக்கா அசையாம நிக்கணும். அலை தள்ளும், காத்து தள்ளும், நீரோட்டம் இழுக்கும். ஆழமான இடத்துல, கடலடிக் குழாய்கள் ஓடுற இடத்துல, நினைச்சபடி நங்கூரம் போடவும் முடியாது. இதுக்குத்தான் டைனமிக் பொசிஷனிங், சுருக்கமா டிபி. செயற்கைக்கோள்ல இருந்து இடம், கைரோ திசைகாட்டியில இருந்து திசை, காற்றுமானியில இருந்து காத்தோட வேகம், எல்லாத்தையும் கணினி வாங்கி, எந்த உந்தி எவ்வளவு சுத்தணும்னு நொடிக்கு நொடி கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். கண்ட்ரோல் சிஸ்டம் படிச்சவங்களுக்கு ஃபீட்பேக் லூப், கால்மன் ஃபில்டர் எல்லாம் ஞாபகம் வரும். பரீட்சைக்கு நாம மனப்பாடம் பண்ணின அதே சமாச்சாரம்தான், அங்க பல ஆயிரம் டன் இரும்பைப் பிடிச்சு வச்சிருக்கு.

டிபிக்கு வகுப்புகள் உண்டு. இரண்டாம் வகுப்புன்னா, ஜெனரேட்டர், உந்தி, கணினின்னு இயங்கற பாகத்துல ஏதாவது ஒண்ணு செத்தாலும் கப்பல் இடம் மாறக் கூடாது. ஒரே ஒரு பழுது மொத்தத்தையும் கவுக்கக் கூடாதுன்னு நாங்க சர்வர் வைக்கிறப்போ சொல்ற அதே தத்துவம். சர்வதேச கடல் சட்டத்துல மேடையைச் சுத்தி 500 மீட்டர் வரைக்கும் பாதுகாப்பு வளையம் அமைக்க இடம் இருக்கு. அந்த வளையத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே எல்லாக் கருவியும் சரியா வேலை செய்யுதான்னு சரிபார்க்கறது இந்தத் தொழிலோட வழக்கம்.

சரி, இவ்வளவு ஏற்பாடும் இருக்கு. அப்புறம் எப்படித் தப்பிப் போகுது? இரண்டு நாள்களைப் பத்திச் சொல்றேன்.

27 ஜூலை 2005: பக்கத்துல வந்த கப்பல்

மும்பை வெள்ளம் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. இது நடந்தது அதுக்கு மறுநாள்.

பாம்பே ஹை வடக்குப் பகுதியில பாலங்களால இணைச்ச நாலு மேடைகள் ஒரு தொகுப்பா நின்னுச்சு. பக்கத்துல ‘சமுத்ர சுரக்ஷா’ங்கற பல்நோக்கு உதவிக் கப்பல். ஓஎன்ஜிசிக்குச் சொந்தம், ஷிப்பிங் கார்ப்பரேஷன் இயக்கியது. அந்தக் கப்பல்ல ஒரு சமையல்காரருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டுச்சு. மேடையில மருத்துவ வசதி இருக்கு. வானிலை மோசம், ஹெலிகாப்டர் வர முடியாது. அதனால கப்பலை மேடைக்குப் பக்கத்துல கொண்டு போய், அவரை கிரேன் கூடையில ஏத்தி அனுப்ப முடிவாச்சு.

இதுல எந்த இடத்துலயாவது கெட்ட எண்ணம் இருக்கா? இல்ல. அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்கணும், அவ்வளவுதான்.

ஆனா வரிசையாப் பாருங்க. காத்து கப்பலை மேடையை விட்டுத் தள்ளற பக்கமா அணுகறதுதான் பாதுகாப்பு. அன்னைக்கு அந்தப் பக்கத்துக் கிரேனைப் பயன்படுத்த முடியல. அதனால காத்து கப்பலை மேடையை நோக்கித் தள்ளற பக்கமா வந்தாங்க. கப்பலோட உந்தியில கோளாறு இருந்ததால, கணினியை விட்டுட்டு கைக் கட்டுப்பாட்டுல ஓட்டினாங்க. அந்தப் பக்கத்துலதான் ரைசர்கள் இருந்துச்சு. ரைசர்னா, கடலடியில இருந்து மேடைக்கு ஏறுற எண்ணெய், எரிவாயுக் குழாய். அதுக்கு முன்னால தடுப்பு இருந்துச்சு, ஆனா அது சின்ன சப்ளை கப்பல்களோட அளவுக்குப் போட்டது. இது சுமார் 100 மீட்டர் நீளக் கப்பல்.

சமையல்காரரைப் பத்திரமா ஏத்திட்டாங்க. காரியம் முடிஞ்சது. கப்பல் விலகறப்போ ஒரு அலை தூக்கினதுல, அதோட ஹெலிகாப்டர் தளம் ரைசர்ல மோதிடுச்சு. எரிவாயு கசிஞ்சு உடனே தீப்பிடிச்சுது. சூட்டுல பக்கத்து ரைசர்களும் வெடிச்சுது. ஏழடுக்கு மேடை சுமார் இரண்டு மணி நேரத்துல சரிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. மேடைகள்லயும் அதை ஒட்டி நின்ன ரிக்லயும் இருந்தவங்க 384 பேர். 362 பேரைக் காப்பாத்தினாங்க. 22 பேர் போயிட்டாங்க. அதுல 11 பேரோட உடல்கூடக் கிடைக்கல. மேடைத் தொகுப்புல இருந்த எட்டு உயிர்காப்புப் படகுல இரண்டைத்தான் இறக்க முடிஞ்சுது. மத்தது எல்லாம் நெருப்புக்கு அந்தப் பக்கம்.

இன்னொரு விஷயம், இதைப் படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கம் வரல. கப்பல்ல ஆறு முங்கு நீச்சல்காரர்கள் இருந்தாங்க. ஆழத்துல வேலை செய்யறவங்க, நாள்கணக்கா அழுத்த அறையிலேயே வாழ்வாங்க. வெளியே வரணும்னா அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, நாள்கணக்குல குறைக்கணும். திடீர்னு கதவைத் திறந்தா உடம்பு தாங்காது, உயிர் போயிடும். கப்பல் எரியுது, எல்லாரும் இறங்கிட்டாங்க. இந்த ஆறு பேரால இறங்க முடியல. எரியற கப்பலுக்குள்ள, ஒரு இரும்புக் குழாய்க்குள்ள உட்கார்ந்திருந்தாங்க. சுமார் 36 மணி நேரம் கழிச்சு அவங்களை மீட்டாங்க. ஆறு பேரும் பிழைச்சாங்க. கப்பல் ஆகஸ்ட் 1 அன்னைக்கு மூழ்கிடுச்சு.

17 மே 2021: நகராத பார்ஜ்

பாம்பே ஹைல கட்டுமான வேலைக்கு ஒரு பருவம் உண்டு. அக்டோபர்ல ஆரம்பிச்சு மே கடைசி வரைக்கும். ஜூன்ல தென்மேற்குப் பருவமழை இறங்கிட்டா அவ்வளவுதான். அதனால மே மாசம்னா எல்லாரும் முடிக்கற அவசரத்துல இருப்பாங்க.

2021 மே மாசம் தௌத்தே புயல். மே 11ல இருந்தே வானிலைத் துறை எச்சரிக்கை கொடுத்துட்டு வந்தது. 17ஆம் தேதி ராத்திரி குஜராத் கரையில ஏறுச்சு. ஹீரா எண்ணெய் வயல் பக்கத்துல, மும்பைக் கரையில இருந்து சுமார் 70 கிலோமீட்டர்ல, ‘பி-305’ங்கற தங்கும் பார்ஜ் நின்னுச்சு. ஓஎன்ஜிசியோட வேலை. வேலையை எடுத்தது ஆஃப்கான்ஸ் நிறுவனம். பார்ஜ் டர்மாஸ்ட் என்கிற இன்னொரு நிறுவனத்தோடது. உள்ளே இருந்த தொழிலாளிகள்ல நிறையப் பேர் அதுக்கும் கீழே துணைக் கான்ட்ராக்டர்கள் மூலமா வந்தவங்க.

14ஆம் தேதியே எல்லாரையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னோம், பார்ஜோட மாஸ்டர் மேடையில இருந்து 200 மீட்டர் தள்ளி நின்னா போதும்னு முடிவு பண்ணினார்னு ஆஃப்கான்ஸ் சொல்லியது. மாஸ்டர் திரும்பி வரல, அவர் பக்கத்துப் பேச்சைக் கேட்க வழியில்லை. 17ஆம் தேதி புயல்ல நங்கூரங்கள் அறுந்துச்சு. கட்டுப்பாடு இல்லாம மிதந்த பார்ஜ் ஆளில்லாத ஒரு மேடையில மோதி ஓட்டை விழுந்ததாப் பிழைச்சவங்க சொன்னாங்க. உயிர்காப்பு மிதவைகள்ல பலது கிழிஞ்சு கிடந்ததாவும் சொன்னாங்க. கடற்படையோட ஐஎன்எஸ் கொச்சி, ஐஎன்எஸ் கொல்கத்தா கப்பல்கள் அந்த அலையில பக்கத்துல போய் நின்னுச்சு. சாயங்காலம் பார்ஜ் மூழ்கியது. லைஃப் ஜாக்கெட் மட்டும் போட்டுக்கிட்டு, இருட்டுல, மணிக்கணக்கா தண்ணில மிதந்தவங்களை ஒவ்வொருத்தரா ஏத்தினாங்க.

பார்ஜ்ல 261 பேர். 186 பேர் பிழைச்சாங்க. ‘வரப்ரதா’ங்கற இழுவைக் கப்பலும் அதே புயல்ல மூழ்கியது, அதுல 13 பேர், இரண்டு பேர்தான் பிழைச்சாங்க. மொத்தம் 86 உயிர்.

ஒரு சின்ன விவரம். பார்ஜ்ல 273 பேர்னுதான் முதல்ல அறிவிச்சாங்க. அப்புறம்தான் 261னு திருத்தினாங்க. 12 பேர் வித்தியாசம். கடல்ல தேடிட்டு இருக்கிறவங்களுக்கு, இன்னும் எத்தனை பேரைத் தேடணும்ங்கற எண்ணே உறுதியா இல்ல. டேட்டாபேஸ்ல ஒரு எண்ணிக்கை தப்பா இருந்தா நாங்க டிக்கெட் போட்டு அடுத்த வாரம் சரி பண்ணுவோம். அங்க அந்த எண்ணிக்கைக்குள்ள ஒருத்தரோட அப்பா இருக்கார்.

முடிவுக்கும் காலாவதித் தேதி உண்டு

இந்த இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுல கப்பல் ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு. இன்னொண்ணுல பார்ஜ் கிளம்பவே இல்ல. ஆனா எனக்கு இரண்டுலயும் ஒரே கேள்விதான் தெரியுது: ‘வேண்டாம்’னு சொல்ல எவ்வளவு நேரம் இருந்துச்சு, சொல்ல வேண்டிய ஆள் யாரு?

2005ல வேண்டாம்னு சொல்ல வேண்டிய இடம் 500 மீட்டர் வளையத்தோட வாசல். உந்தி சரியில்ல, காத்து தப்பான பக்கம், தடுப்பு நம்ம அளவுக்கு இல்ல. மூணுல ஒண்ணைத் தனியாப் பார்த்தா ‘சமாளிச்சுடலாம்’னு தோணும். மூணும் சேர்ந்தா நிறுத்தணும். உள்ளே நுழைஞ்சு அலை தூக்கினப்புறம் இருக்கிறது சில நொடிகள். அந்த நொடியில எவ்வளவு பெரிய கேப்டனாலும் ஒண்ணும் பண்ண முடியாது.

2021 கதை வேற. பார்ஜுக்கு இன்ஜின் இல்லைன்னு சொன்னேன் இல்லையா? அதை நகர்த்தணும்னா இழுவைக் கப்பல் வரணும். பல திசையில போட்ட நங்கூரங்களை ஒவ்வொண்ணா எடுக்கணும். அப்புறம் மணிக்கு நாலஞ்சு நாட் வேகத்துல இழுக்கணும். அஞ்சு நாட்னா மணிக்கு 9 கிலோமீட்டர், நம்ம ஊர்ச் சைக்கிள் முந்திடும். 70 கிலோமீட்டர் வர எட்டு மணி நேரம், அதுவும் கடல் அமைதியா இருந்தா. கடல் கொந்தளிக்க ஆரம்பிச்சுட்டா நங்கூரத்தையே எடுக்க முடியாது. அப்படின்னா, பார்ஜ்ல முடிவு எடுக்கற நேரம் புயல் வர்ற நாள் இல்ல. அதுக்கு இரண்டு மூணு நாள் முன்னாடி, வானம் வெளுப்பா, கடல் தட்டையா இருக்கிறப்போ. அந்த நேரத்துல ‘நிறுத்துங்க, கிளம்பலாம்’னு சொல்றவரைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரிப்பாங்க.

சிரிக்கறது மட்டும் இல்ல, காசும் இருக்கு. இந்தக் கப்பல், பார்ஜ் எல்லாம் நாள் வாடகைக் கணக்கு. நின்ன நாளுக்கு யார் பணம் கொடுக்கறதுன்னு ஒப்பந்தத்துல இருக்கும். பருவம் முடிய இரண்டு வாரம். கரைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா நாலஞ்சு நாள் போச்சு. புயல் திசை மாறிப் போயிட்டா, ‘வீணா நாலு நாள் போக்கினவன்’னு பேர். மேல கம்பெனி, அதுக்குக் கீழே கான்ட்ராக்டர், அதுக்குக் கீழே பார்ஜ் ஓனர், அதுக்குக் கீழே மாஸ்டர். மேல இருக்கிறவர் ‘நாங்க எச்சரிக்கை அனுப்பிட்டோம்’னு சொல்லலாம். கீழே இருக்கிறவர் ‘உத்தரவு வரல’ன்னு சொல்லலாம். எச்சரிக்கைங்கறது அறிவுரையா இருக்கிற வரைக்கும் இரண்டு பேருமே சொல்றது ஒருவிதத்துல சரிதான். நடுவுல 261 பேர்.

ஃபெஞ்சல் மழைக்கு எங்க மலைப்பாதையை மூடினப்போ மாவட்ட நிர்வாகம் எந்த லாரி ஓனரையும் கூப்பிட்டு ‘உனக்கு எவ்வளவு நஷ்டம்’னு கேக்கல. மூடுன்னா மூடு. ராமேஸ்வரத்துல புயல் எச்சரிக்கை வந்தா, மீன்வளத் துறை கடலுக்குப் போற அனுமதிச் சீட்டைக் கொடுக்காது. மீனவருக்குக் கோபம் வரும், அன்னாடம் காய்ச்சற குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு, ஆனா உத்தரவு உத்தரவுதான். அஞ்சாறு பேர் போற படகுக்கு இப்படி ஒரு வாசல் இருக்கு. 261 பேர் தங்கியிருந்த பார்ஜுக்கு அன்னைக்கு அப்படி ஒரு வாசல் இல்லாமப் போச்சு. என்னோட வருத்தம் அதுதான்.

விதி இல்லாம இல்ல. 1988 ஜூலை 6 அன்னைக்கு வட கடல்ல பைப்பர் ஆல்ஃபா மேடை எரிஞ்சு 167 பேர் இறந்தாங்க. அதை விசாரிச்ச கல்லன் பிரபு 1990ல 106 பரிந்துரை கொடுத்தார். ‘என் மேடை ஏன் பாதுகாப்பானது’ன்னு நடத்தறவரே எழுத்துல நிரூபிக்கணும்ங்கறது அதுல முக்கியமானது. நம்ம நாட்டுல 2008ல கடல்சார் எண்ணெய்ப் பணிகளுக்கான பாதுகாப்பு விதிகள் வந்துச்சு. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் அதைக் கவனிக்குது. 2021க்கு அப்புறம் பெட்ரோலிய அமைச்சகம் மூணு பேர் கொண்ட உயர்மட்டக் குழு போட்டுச்சு. ஆனா தாளில் இருக்கிற விதி கடல்ல வேலை செய்யணும்னா, ‘வேண்டாம்’னு சொன்னவரோட வேலை பறிபோகாதுங்கற நம்பிக்கை வேணும். அந்த நாலு நாள் வாடகை யார் தலையிலன்னு முன்கூட்டியே எழுதி வச்சிருக்கணும். இது கருணை சார்ந்த விஷயம் இல்ல, ஒப்பந்தத்துல ஒரு பத்தி.

தம்பிக்குப் பதில்

போகாதேன்னு நான் சொல்லல. ஆயிரக்கணக்கானவங்க அங்க கௌரவமா வேலை செஞ்சு, வீடு கட்டி, தங்கச்சி கல்யாணம் பண்ணி வச்சிருக்காங்க. கேட்டுட்டுப் போங்கன்னுதான் சொல்றேன். அஞ்சு கேள்வி.

ஒண்ணு, என் முதலாளி யாரு? ஏஜென்ட் பேர் இல்ல, சம்பளம் போடற கம்பெனி பேர், எழுத்துல வேணும். கப்பல் ஊழியராவா, கான்ட்ராக்ட் தொழிலாளியாவா எடுக்கறாங்கன்னு கேளுங்க. இரண்டுக்கும் சட்டம் வேற. கப்பல் ஊழியர்னா, ஆள் எடுக்கற ஏஜென்ட்டுக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தோட ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கணும். வேலை வாங்கித் தர உங்ககிட்ட அவர் கட்டணம் வாங்கக் கூடாது.

இரண்டு, என்ன பயிற்சி தருவீங்க? உயரத்துல இருந்து லைஃப் ஜாக்கெட்டோட எப்படிக் குதிக்கறது, கவுந்த மிதவையை எப்படி நிமித்தறது, ஹெலிகாப்டர் தண்ணில விழுந்தா ஜன்னல் வழியா எப்படி வெளியே வர்றது, இதெல்லாம் குளத்துல இறக்கிச் சொல்லித் தர்ற பயிற்சி. இதை வெறும் சர்டிஃபிகேட்டா விலைக்கு வாங்காதீங்க. 2022 ஜூன் 28 அன்னைக்கு சாகர் கிரண் ரிக் பக்கத்துல பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் கடல்ல இறங்குச்சு. ஒன்பது பேர்ல நாலு பேர் இறந்தாங்க. அந்த மாதிரி நேரத்துல தாளு கூட வராது, பழக்கம்தான் வரும்.

மூணு, நான் தங்கப்போற பார்ஜுக்கு இன்ஜின் இருக்கா? எத்தனை பேருக்கு எத்தனை உயிர்காப்புப் படகு? நான் ஓடிப்போய் நிக்க வேண்டிய இடம் எது? முதல் நாளே அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்க. ராத்திரி ஒரு தடவையும் போய்ப் பாருங்க.

நாலு, புயல் வந்தா எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி கிளம்புவோம்? யார் முடிவு பண்ணுவாங்க? இதுக்கு எழுத்துல ஒரு திட்டம் இருக்கணும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி’ன்னு பதில் வந்தா, அதையே பதிலா எடுத்துக்கோங்க.

அஞ்சு, என் பேர் பட்டியல்ல சரியா இருக்கா? பேர், வீட்டு நம்பர், காப்பீட்டு வாரிசு. அதோட ஒரு நகல் வீட்டுல அம்மாகிட்ட இருக்கணும்.

இந்த அஞ்சுக்கும் நேரா பதில் சொல்ற கம்பெனிகள் இருக்கு. கேள்வி கேட்டாலே முகம் சுளிக்கற ஏஜென்ட்டும் இருப்பார். வித்தியாசம் உங்களுக்கே தெரிஞ்சுடும்.

இன்னைக்கு இவ்வளவுதான். கேக்கறவங்கள்ல கடல்ல வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா மெயில் போடுங்க. பார்ஜ்ல ஒரு நாள் எப்படிப் போகும், சாப்பாடு எப்படி, புயல் எச்சரிக்கை வந்தப்போ உங்க மாஸ்டர் என்ன பண்ணினார்னு எழுதுங்க. பேர் போடாம அடுத்த எபிசோடுல படிக்கறேன். அடுத்த வாரம் கடலடி இன்டர்நெட் கேபிளைப் பத்திப் பேசலாம். பத்திரமா இருங்க.